சபைக் கணக்குக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு நன்றி

கிறிஸ்துவுக்குள் பிரியமான சபையாருக்கு அன்பின் ஸ்தோத்திரம்.

2024-25ஆம் ஆண்டுக்கான நம் சபையின் வரவு செலவுக் கணக்கு தணிக்கை முடிந்து, ஆடிட்டர் கையெழுத்தோடு அறிவிப்புப் பலகையில் ஒட்டியாகிவிட்டது. ஆராதனை முடிந்ததும் பலர் அங்கே நின்று வரி வரியாகப் படித்தீர்கள். பொருளாளராக எனக்கு மனசு நிறைந்துபோனது. ஆனால் அதற்காக உழைத்தவர்களைப் பற்றி அந்த அறிக்கையில் ஒரு வரியும் இருக்காது. அவர்களுக்காகத்தான் இந்த மடல்.

முதலில் ஈரோட்டு ஆடிட்டர் அண்ணாவுக்கு. வருமான வரித் துறையில் பதிவு பெற்ற அறக்கட்டளைக்கு, வருமானம் வரிவிலக்கு வரம்பைத் தாண்டினால் தணிக்கை கட்டாயம். அந்தத் தணிக்கை அறிக்கைக்கான 10பிபி படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டு அவர் நகர்ந்திருக்கலாம். அப்படிச் செய்யாமல் ஒவ்வொரு வவுச்சரையும் எடுத்துப் பார்த்தார். கட்டட நிதிப் பக்கம் வந்ததும் நிறுத்தி, "கட்டடத்துக்குத்தான் என்று கொடுத்தவங்க எழுதிக் கொடுத்திருக்காங்களா?" என்று கேட்டார். அப்படி எழுத்து இருந்தால்தான் அதை மூலதன நிதியாகத் தனியே வைக்க முடியும். இல்லாவிட்டால் அது சாதாரண வருமானத்தோடு சேரும், வருமானத்தில் 85 சதவீதத்தை அந்த ஆண்டே செலவழிக்க வேண்டும் என்ற விதியும் அதற்குப் பொருந்தும் என்று பொறுமையாக விளக்கினார். அவர் சொன்னபடி இப்போது கட்டட நிதி ரசீதிலேயே அதற்கென ஒரு வரி அச்சடித்திருக்கிறோம்.

அடுத்து, பெண்கள் ஐக்கியச் சங்கத்து அக்காவுக்கு. அறுப்பின் பண்டிகை ஏலம் எப்படி நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். பூவன் தார், மஞ்சள், தேங்காய், நாட்டுச் சேவல் என்று வந்து குவியும். ஏலம் எடுத்தவரே பொருளைத் திரும்பக் காணிக்கையாகக் கொடுப்பார், அது மறுபடி ஏலத்துக்கு வரும். பாதிப் பேர் பணத்தை அப்புறம்தான் கட்டுவார்கள். இந்தச் சத்தத்துக்கு நடுவில் உட்கார்ந்து பொருள், எடுத்தவர், தொகை, கட்டியது, பாக்கி என்று கோடு போட்டு எழுதியவர் அக்கா. ஒரே சேவல் மூன்று வரியில் வருகிறதே என்று ஆடிட்டர் கேட்டபோது, மூன்று ரசீதையும் எடுத்து வைத்தார். ஏலக் கணக்கில் வேறு கேள்வியே வரவில்லை.

முந்தைய பொருளாளர் ஐயாவுக்கு நான் பெரிதும் கடன்பட்டிருக்கிறேன். பொறுப்பை ஒப்படைத்த அன்றே கேஷ் புக், பாஸ் புக், ரசீதுப் புத்தகங்கள் எல்லாவற்றையும் பட்டியல் போட்டுக் கொடுத்தார். ரத்தான ரசீதைக்கூடக் கிழித்துப் போடாமல் அடிக்கட்டையோடு பின் அடித்து வைத்திருந்தார். அதையெல்லாம் டேலி என்ற கணக்கு மென்பொருளில் ஏற்றிக் கொடுத்தவர் திருப்பூர் பனியன் கம்பெனியில் கணக்கு எழுதும் நம் சபைத் தம்பி. வேலை முடிந்து வந்து, தூக்கம் கெட்டுச் செய்தார்.

காணிக்கை எண்ணும் குழுவையும் சொல்ல வேண்டும். யோவாஸ் ராஜா காலத்தில் ஆலயப் பெட்டியில் சேர்ந்த பணத்தை ராஜாவின் எழுத்தனும் பிரதான ஆசாரியனும் சேர்ந்தே எண்ணியதாக 2 இராஜாக்கள் 12ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். நம் சபையிலும் வெவ்வேறு குடும்பத்தைச் சேர்ந்த இருவர் எண்ணி, சீட்டில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பணம் வங்கிக்குப் போகிறது. மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டு அதைச் செய்கிற எல்லோருக்கும் நன்றி.

பொதுக்கூட்டத்தில் ஜெனரேட்டர் டீசல் செலவைக் கேட்ட அப்புச்சிக்குத் தனியாக ஒரு நன்றி. அவர் சந்தேகப்படுகிறார் என்று சிலர் முகம் சுளித்தார்கள். எனக்கு அதில் துளியும் வருத்தம் இல்லை. சனிக்கிழமை வாங்கிய தறிக் கூலியிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காணிக்கை போடுகிறவருக்குக் கேட்கிற உரிமை இல்லையென்றால் வேறு யாருக்கு இருக்கிறது? பணத்தைக் கையில் வைத்திருப்பவனுக்கும் தணிக்கைதான் பாதுகாப்பு. நாளைக்கு யாராவது ஒரு சொல் சொன்னால் காட்டுவதற்கு என்னிடம் தாள் இருக்கிறது. கேட்கும் முன்பே எல்லாவற்றையும் ஒட்டிவிடச் சொன்ன ஆயருக்கும் இதே காரணத்துக்காக நன்றி.

அறிக்கையைப் பார்த்த கையோடு ஏலப் பாக்கியைக் கட்டிய குடும்பங்களுக்கும் நன்றி. முழு அறிக்கையின் நகல் ஆலயத்தை ஒட்டிய வெஸ்ட்ரி அறையில் இருக்கிறது. ஆராதனைக்குப் பிறகு யார் வேண்டுமானாலும் வாங்கிப் பார்க்கலாம். உங்கள் ரசீதைக் கொண்டுவந்தால் அடிக்கட்டையோடு ஒத்துப் பார்த்துக் காட்டுகிறேன்.

கர்த்தருடைய பணியில்,
சபைப் பொருளாளர்