பலகையைத் திரும்ப மாட்டச் சொல்லுங்கள்

போலந்து தேசிய நினைவு நிறுவனத்தாருக்கு,

வணக்கம். சாமோஷ்ச் நகரில் மார்க்சியப் புரட்சியாளர் ரோசா லக்சம்பர்க்கின் நினைவுப் பலகையை 2018 மார்ச்சில், அவர் பிறந்தநாள் வரும் அதே மாதத்தில், கழற்றிய கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். தெருப் பெயர்களிலும் பொது இடங்களிலும் கம்யூனிசப் பிரச்சாரம் கூடாது என்று 2016இல் வந்த சட்டப்படி, எது அந்தப் பிரச்சாரம், எது இல்லை என்று கருத்துச் சொல்கிறவர்கள் நீங்கள். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். அவர் பிறந்த ஊரில் அந்தப் பலகையை மீண்டும் மாட்டச் சொல்லுங்கள்.

உங்கள் நாடு பட்டதைக் குறைத்துப் பேச வரவில்லை. 1970 டிசம்பரில் பால்டிக் கரையில் தொழிலாளர்களையே சுட்ட கம்யூனிஸ்ட் ஆட்சி அது. ஆனால் லக்சம்பர்க்கை 1919லேயே பெர்லினில் கொன்றுவிட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டு, ரஷ்யாவில் அரசியல் நிர்ணய சபையைக் கலைத்த லெனினின் போல்ஷெவிக் கட்சியினரை ஜெர்மன் சிறையிலிருந்தே கண்டித்து எழுதியவர் அவர். 1931இல் ஸ்டாலின் அவரைத் தாக்கி எழுதினார். பிறகு போலந்துக் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர்களைச் சுட்டுத் தள்ளி, 1938இல் கட்சியையே கலைத்தது மாஸ்கோ. ஸ்டாலின் அழிக்கப் பார்த்த பெயரை உங்கள் சட்டம் சுவரிலிருந்தே இறக்கிவிட்டது. இது யாருக்கும் உறுத்தவில்லையா?

கரோல் மொட்செலெவ்ஸ்கியை எடுத்துக்கொள்ளுங்கள். இடைக்கால வரலாற்று ஆய்வாளர். அவரைப் பெற்ற தகப்பனை மாஸ்கோவில் கைது செய்தபோது அவர் கைக்குழந்தை. 1965இல், 27 வயதில், தோழர் யாசெக் குரோனுடன் சேர்ந்து ஆளும் கம்யூனிஸ்ட் கட்சிக்கு ஒரு திறந்த மடல் எழுதினார். ஆலைகள் தொழிலாளி கையில் இல்லை, கட்சி அதிகாரிகள் கையில்தான் இருக்கின்றன, சுரண்டும் வர்க்கம் அவர்களே என்று மார்க்சை வைத்தே கட்சியை அளந்தார்கள். கட்சி பதில் எழுதவில்லை, வழக்குப் போட்டது. குரோனுக்கு 3 ஆண்டு, இவருக்கு மூன்றரை. வெளியே வந்தார். 1968இல் மாணவர் கிளர்ச்சி, மறுபடி உள்ளே. 1981இல் ராணுவச் சட்டம், மறுபடியும் உள்ளே. இடையில் 1980இல், ஊர் ஊராக முளைத்த சுதந்திரத் தொழிற்சங்கங்களுக்கு 'சாலிடாரிட்டி' என்று ஒரே பெயர் வைக்கச் சொன்னவரும் இவர்தான். மார்க்சியம் பேசி மார்க்சியக் கட்சியிடமே சிறைப்பட்டவரை உங்கள் பேரேட்டில் எந்தப் பக்கம் எழுதுவீர்கள்?

பொருளாதார வரலாற்று ஆய்வாளர் விடோல்ட் குலாவும் இருக்கிறார். 1962இல் வந்த அவருடைய நூலில் பழைய பண்ணைக் கணக்குகளைப் பிரித்துக் காட்டினார். குடியானவரின் உழைப்புக்குக் கூலி போட்டுப் பார்த்தால் பண்ணை நட்டத்தில் ஓடுகிறது. வெட்டிக்கு உழைத்ததால்தான் பிரபுவுக்கு லாபம். மார்க்சைப் படிக்காமல் இந்தக் கேள்வி எழுந்திருக்குமா? தெருப் பெயர்கள் முடிந்ததும் நூலக அலமாரிக்கும் ஏணி கொண்டு வருவீர்களோ என்னவோ.

மன்னியுங்கள், கோபத்தில் வார்த்தை நீண்டுவிட்டது. கேட்பது ஒன்றுதான். சிறை வைத்தவரையும் சிறைப்பட்டவரையும் ஒரே சொல்லில் அடைக்காதீர்கள். பலகையைத் திரும்ப மாட்டச் சொல்லுங்கள். மார்ச் 5 லக்சம்பர்க்கின் பிறந்தநாள். அதற்குள் முடியுமா என்று தயவுசெய்து பாருங்கள்.

இப்படிக்கு,
வரலாறு படிக்கும் ஒரு தமிழ் வாசகன்