செயலாளர் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் நூலக உதவிப் பணியாளர் தோழர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு அறிக்கையைத் தபாலில் அனுப்பும் வழக்கம் இந்த ஆண்டு முதல் இல்லை.

செயற்குழு வழக்கம்போல் கூடியது. ஆகஸ்ட் 12 அன்று இந்திய நூலகவியலின் தந்தை எஸ்.ஆர். அரங்கநாதன் பிறந்தநாள் குன்னூரில் கொண்டாடப்பட்டது. பணி ஓய்வு பெற்றவர்களுக்குச் சால்வை அணிவிக்கப்பட்டது.

இனி பயிற்சி, சான்றிதழ் திட்டம். நூலகரிடம் பட்டம் இருக்கிறது. புத்தகம் அடுக்குபவர், முத்திரை குத்துபவர், கவுன்டரில் நிற்பவர் கையில் ஒரு தாளும் இல்லை. இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் ஆறு மாதச் சான்றிதழ் படிப்புக்கு ப்ளஸ் டூ வேண்டும். நம்மில் பலர் அதற்கு முன்பே வேலைக்கு வந்தவர்கள். அமெரிக்க நூலகச் சங்கம் 2010இல் உதவிப் பணியாளர்களுக்கென்றே தொடங்கிய சான்றிதழில் பத்துத் திறன் பிரிவுகள். மூன்று கட்டாயம், விருப்பமாக மூன்று, ஆக ஆறு முடித்தால் போதும். அந்த அமைப்பையே நமக்கேற்ற அளவில் எடுத்துக்கொண்டோம். அடுக்கு ஒழுங்கு, கணினிப் பதிவு, வாசகர் சேவை கட்டாயம். புத்தகப் பராமரிப்பு, சிறுவர் பகுதி, இருப்புச் சரிபார்ப்பு முதலியவை விருப்பம்.

கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாலே கிடைக்கும் வருகைச் சான்றிதழ் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். அதற்காகச் சிலர் என்னோடு பேசுவதில்லை. அடுக்குத் தேர்வு என்றால், கலைத்துப்போட்ட ஐம்பது புத்தகங்களை ஒழுங்காக்கிக் காட்ட வேண்டும். புத்தகத்தின் பொருள் வகையைக் குறிக்கும் தசம எண்ணில், 305.8க்கு முன்னால்தான் 305.42 வரும். புள்ளிக்குப் பின் உள்ளதை, நாற்பத்திரண்டு எட்டைவிடப் பெரிது என்று முழு எண்ணாகப் படிப்பவர்கள் புத்தகத்தைத் தொலைக்கிறார்கள். பழி வாசகர் மேல் விழுகிறது. கோஹா என்னும் நூலக மென்பொருளில் ஆசிரியர் பெயருக்கான 100ஆம் புலத்தில் ஒருவர் முன்னெழுத்தைப் பெயருக்கு முன்னும், இன்னொருவர் பின்னும் போட்டால் ஒரே ஆசிரியர் இரண்டு பேராகிவிடுவார். யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருவில் அடித்த தலைப்பு யூனிகோடில் தேடினால் வராது. பழைய பதிவுகளை மாற்றாமல் புதியவற்றைச் சேர்த்துப் பயனில்லை.

பராமரிப்புப் பிரிவுக்குத்தான் அதிகம் பேர் பெயர் கொடுத்தார்கள். ஈரம் மிகுந்த நம் நீலகிரி மலைக்கு அதுதான் தேவையும். பூஞ்சை பிடித்த புத்தகத்தைத் தனியே எடுத்து, விசிறிக் காற்றில் உலர்த்திய பிறகே மென்தூரிகையால் துடைக்க வேண்டும். ஈரத்தோடு தேய்த்தால் கறை தாளுக்குள் இறங்கும். முகக்கவசம் கட்டாயம். பீரோவைச் சுவரோடு ஒட்டி வைத்தால் பின்னால் காற்றோட்டம் இருக்காது. கிழிந்த பக்கத்தில் செல்லோ டேப் ஒட்டுபவருக்கு மதிப்பெண் கிடையாது.

நாள் குறிப்பதுதான் பெரும்பாடு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கூடலூர், பந்தலூர் பக்கம் தென்மேற்கு மழை. அக்டோபர் தொடங்கி டிசம்பர் வரை குன்னூர், கோத்தகிரி பாதைகளில் மண்சரிவு. மார்ச், ஏப்ரலில் பள்ளித் தேர்வு, மே சீசன். மிச்சம் செப்டம்பர், ஜனவரி, பிப்ரவரி. ஜனவரியில் ஊட்டி உறைபனியை நினைத்து வகுப்பை 10:30க்குத் தள்ளினோம். ஒரே உதவியாளர் உள்ள நூலகத்தில் அவர் வந்தால் கதவைப் பூட்ட வேண்டியதுதான். ஆகவே அடுத்தடுத்த ஊர்க்காரர்களை இரு அணிகளாகப் பிரித்து, ஓர் அணி வகுப்பில் இருக்கும்போது மற்றது நூலகங்களைப் பார்த்துக்கொள்ளும்படி செய்தோம். முதல் அணி முடித்ததும் இரண்டாம் அணியில் பலர் வரவில்லை. சான்றிதழ் வழங்கி, மதிய உணவும் குழுப்படமும் இருந்த நாளில் மட்டும் இருக்கை போதவில்லை.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். கடன் இல்லை; கையிருப்பு என்று சொல்லிக்கொள்ளவும் இல்லை. வகுப்புச் செலவு, தேநீர், நகல் எடுத்த வகையில் போனது போக மீதம் சொற்பம். சந்தா பாக்கியுள்ளவர்கள் பெயரைப் பலகையில் ஒட்ட வேண்டும் என்ற கோரிக்கையைச் செயற்குழு இம்முறை ஏற்கவில்லை. அடுத்த முறை எப்படியோ.

இடம் தந்த பள்ளிக்கும், உதவியாளர்களை விடுவித்த நூலகர்களுக்கும், பொருளாளருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு விருப்பப் பிரிவுகளை முடிக்க வேண்டும். தேர்வு எடுக்க வெளியூரிலிருந்து இரு மதிப்பீட்டாளர்கள் வர வேண்டும். அவர்களுக்குப் பயணப்படி தர வேண்டும். செயலாளர் பொறுப்பை ஏற்க யாரேனும் முன்வந்தால் மகிழ்ச்சியோடு ஒப்படைப்பேன். பதிவேடுகள் தயாராக உள்ளன. செப்டம்பர் அணிக்கான படிவம் பொருளாளரிடம் கிடைக்கும். நடப்புச் சந்தா ரசீது எண் எழுதாத படிவம் ஏற்கப்படாது.

செயலாளர்