குடியிருப்போர் நலச் சங்கத்தாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். நம் பெரிய லிஃப்டுக்குள் சென்ற மாதம் ஒட்டப்பட்ட அறிவிப்பு உங்களுக்கே தெரியும். "வீட்டு வேலையாட்கள், டெலிவரி ஆட்கள், நாய்கள், குப்பைக் கூடைகள் சர்வீஸ் லிஃப்டில் மட்டும்" என்று ஒரே மூச்சில் எழுதியிருக்கிறீர்கள். அதை அகற்றிவிடும்படி கேட்டுக்கொள்ளவே இம்மடல்.

போன வாரம் சர்வீஸ் லிஃப்ட் 4 நாட்கள் ஓடவில்லை. வியாழக்கிழமை காலை நான் படியிறங்கியபோது, எங்கள் வீட்டில் சமைக்கும் அக்கா 5ஆம் மாடித் திருப்பத்தில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு வயது 58. மூட்டு இரண்டும் தேய்ந்தவர். இன்னும் 3 மாடி ஏற வேண்டும். "பெரிய லிஃப்டில் வந்திருக்கலாமே அக்கா?" என்றேன். "கேமராவுல பார்ப்பாங்களாம்மா, வாட்ச்மேனுக்குத்தான் திட்டு விழும்" என்றார். நான் கீழே போனபோது அந்த லிஃப்ட் காலியாகத்தான் நின்றிருந்தது.

உங்களில் யாரும் கல்நெஞ்சர் அல்லர் என்பதை அறிவேன். பொங்கலுக்கு அதே அக்காவின் சாம்பாரைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர்கள்தாம். ஆனால் மனிதரைக் கீழாக நடத்துவதற்கு வெறுப்பே தேவையில்லை. ஆல்பர்ட் பாண்டுராவும் சக உளவியலாளர்களும் 1975இல் வெளியிட்ட ஆய்வில், அடுத்த அறையில் இருப்பதாகச் சொல்லப்பட்ட குழுவினர் தவறு செய்தால் மின்னதிர்ச்சி தரும் பொறுப்பு மாணவர்களிடம் விடப்பட்டது. அக்குழுவினரை மிருகங்கள் போன்றவர்கள் என்று உதவியாளர் சொன்னதைக் கேட்க நேர்ந்தவர்களே மிகக் கடுமையான அதிர்ச்சியைத் தேர்ந்தெடுத்தார்கள். உண்மையில் யாருக்கும் மின்சாரம் பாயவில்லை என்றாலும், காதில் விழுந்த ஒரு பேச்சே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. நாமோ அச்சிட்டு, லேமினேட் செய்து, நம் பிள்ளைகளின் கண்மட்டத்தில் ஒட்டியிருக்கிறோம்.

நாயாவது எசமானர் கையில் இருந்தால் பெரிய லிஃப்டில் போய்விடுகிறது, வாட்ச்மேன் கேட்பதில்லை. ஊர்ப்புறத் தேநீர்க் கடைகளின் இரட்டைக் குவளையைப் பற்றி மொட்டைமாடியில் எவ்வளவோ வருந்திப் பேசுகிறோம், நம் அடுக்களையில் தனியே கவிழ்த்து வைத்திருக்கும் எவர்சில்வர் டம்ளரை மட்டும் மறந்துவிட்டு. எங்கோ போய்விட்டேன், பொறுத்தருள்க.

குப்பைக்கும் தட்டுமுட்டுச் சாமான்களுக்கும் தனி லிஃப்ட் இருப்பதில் எனக்கு மறுப்பில்லை. மனிதர்களை அந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். அறிவிப்பை அகற்றி, பெரிய லிஃப்டில் எல்லோரும் ஏறலாம் என்று வாட்ச்மேனிடமும் சொல்லிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் வரை காத்திராமல் இன்றே செய்தால் நன்றியுடையவளாவேன். நேற்று மாலை சர்வீஸ் லிஃப்ட் மறுபடியும் நின்றுவிட்டது.

இப்படிக்கு,
8ஆம் மாடிக் குடியிருப்பாளர்