பையைக் கொண்டுவந்து கொடுத்தவருக்கு

போன செவ்வாய்க்கிழமை காரைக்குடியில் பேருந்து ஏறியவன், கோட்டையூரில் பையை மறந்து இறங்கிவிட்டேன். உள்ளே அப்பத்தா பைண்டு செய்துவைத்த 'பொன்னியின் செல்வன்'. 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்ததை வாராவாரம் கிழித்துச் சேர்த்தது. நடுவில் சோப்பு, தலைவலி மருந்து விளம்பரமெல்லாம் அப்படியே இருக்கும்.

வாசிப்பு எனக்கு வந்ததே அதில்தான். கண் மங்கிய அப்பத்தாவுக்கு வளவில் உட்கார்ந்து சத்தமாகப் படிப்பேன். வந்தியத்தேவன் மாட்டிக்கொண்டால் பாக்கு இடிப்பது நின்றுபோகும். கல்லூரியில் துப்பறியும் கதை, வேலைக்குப் போனபின் ஒன்றுமே இல்லை. இப்போது அறுபத்து மூன்றில் பயணக் கட்டுரையும் தன்வரலாறும்தான் ஓடுகின்றன. புது நாவல் ஐம்பது பக்கம் தாண்டுவதில்லை. (குறை நாவலிலா என்னிடமா, தெரியாது.)

பழைய தாளின் அருமை இந்த ஊருக்குத் தெரியும். ரோஜா முத்தையா பழைய புத்தகமும் இதழுமாகத் தேடிச் சேர்த்ததெல்லாம் இங்கேதான். அவர் காலத்துக்குப் பின் அது சென்னையில் நூலகமாகிவிட்டது. நான் ஒரே ஒரு பைண்டைத் தொலைத்துவிட்டு இரண்டு நாள் சோறு இறங்காமல் கிடந்தேன்.

முதல் பக்கத்தில் இருந்த விலாச எழுத்துகளை, அதாவது எங்கள் குடும்பப் பெயர்களின் முதலெழுத்துகளை வைத்தே விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தீர்களாம். நான் வெளியே போயிருந்த நேரம். ஒரு வாய் மோர்கூடக் குடிக்காமல், பேரும் சொல்லாமல் கிளம்பிவிட்டீர்கள் என்று ஆச்சிக்கு மனக்குறை.

நான் வைத்திருந்த மயிலிறகு அதே பக்கத்தில் இருந்தது. ரொம்ப நன்றி தம்பி. இந்தப் பக்கம் வந்தால் அவசியம் வீட்டுக்கு வாங்க, மோர் பாக்கி இருக்கிறது.