ஒசாகாவிலிருந்து அப்பாவுக்கு

ஒசாகா

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அம்மாவின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது?

துணி மொத்த வியாபாரத்துக்குப் பேர்போன செம்பா வட்டாரத்தில்தான் எங்கள் அலுவலகம். திருப்பூர் பனியன் ரகங்களை இங்குள்ளவர்களுக்கு விற்றுக் கொடுப்பது என் வேலை. போன மாதம் ஒரு தவறு செய்துவிட்டேன். உங்களிடம் சொல்லாமல் மனம் ஆறவில்லை.

குழந்தைகள் பனியனுக்கு விலை சொன்னேன். எதிரே இருந்த பெரியவர் தாளைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். அறையில் ஒருவரும் பேசவில்லை. விலை கட்டவில்லை போலிருக்கிறது என்று பதறி, டஜனுக்கு இரண்டு டாலர் குறைத்தேன். அப்போதும் மௌனம். இன்னும் ஒரு டாலர் குறைத்தேன். வெளியே வந்ததும் எங்கள் அலுவலகத்து மூத்தவர் சொன்னார்: "அவர் யோசித்துக்கொண்டிருந்தார். இப்போது உங்கள் முதல் விலையே பொய்யோ என்ற சந்தேகம் அவருக்கு வந்திருக்கும்." அன்றிரவு தூக்கமே வரவில்லை, அப்பா.

இவர்கள் 'ஹாய்' என்றால் ஆமாம் என்று அகராதி சொல்கிறது. பேச்சில் அது பல நேரம் "கேட்டுக்கொண்டிருக்கிறேன்" என்பது மட்டுமே. "பரிசீலிக்கிறோம்" என்றால் பெரும்பாலும் முடியாது என்று பொருள். பெண் பார்க்க வந்தவர்கள் "ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம்" என்பார்களே, அதேதான். முகத்துக்கு நேரே மறுத்து யாரையும் சங்கடப்படுத்த மாட்டார்கள். 1969-இல் ஜப்பான் பிரதமர் சாட்டோவும் அமெரிக்க அதிபர் நிக்சனும் ஜப்பானின் துணி ஏற்றுமதியைக் கட்டுப்படுத்துவது பற்றிப் பேசியபோது, "ஆவன செய்கிறேன்" என்ற பொருளில் சாட்டோ சொன்னதை அமெரிக்கர்கள் வாக்குறுதியாக எடுத்துக்கொண்டார்கள் என்று சொல்வார்கள். அந்தத் தகராறு 1971 அக்டோபரில்தான் தீர்ந்தது.

'நெமவாஷி' என்று ஒரு சொல் உண்டு. வேரைச் சுற்றி வேலை செய்வது. பெரிய மரத்தை இடம் மாற்றுவதற்கு வெகுநாள் முன்பே சுற்றிலும் தோண்டி, வேர்களை நறுக்கிவிட்டு, புது வேர் விடும்வரை காத்திருப்பார்கள். வியாபாரத்திலும் ஒவ்வொருவரையும் முன்கூட்டியே தனியாகப் பார்த்துப் பேச வேண்டும். பிறகு ஒரு தாள் கீழிருந்து மேலே போய், ஒவ்வொருவர் முத்திரையும் விழுந்து வரும். கூட்டம் நிச்சயதார்த்தம் போல. பேச்சு அதற்கு முன்பே முடிந்திருக்கும். அந்தப் பெரியவரே விரும்பியிருந்தாலும், அன்று தனியாகச் சரி சொல்லியிருக்க முடியாது.

பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் கைவிட்டு, விரல் பிடித்து விலை பேசுவீர்களே. தரகர் விரலை அழுத்துவார். நீங்கள் பதில் காட்டாமல் நிற்பீர்கள். பக்கத்திலேயே நின்றும் நான் மாட்டின் கொம்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த மாதம் அந்தப் பெரியவரை மறுபடியும் சந்திக்கிறேன். அப்படி நிற்கும்போது மனத்துக்குள் என்ன நினைத்துக்கொண்டிருப்பீர்கள், அப்பா? அதற்குள் எழுதுங்கள்.

தங்கள் அன்பு மகன்