சரக்கு வந்தால்தானே விற்க முடியும்

ஆசிரியருக்கு வணக்கம்.

உள்ளூர்க் குளிர்பானங்கள் ஏன் தலையெடுக்கவில்லை என்ற கட்டுரையை உங்கள் இதழில் படித்தேன். சுவை, விளம்பரம், விலை எல்லாம் அலசியிருக்கிறீர்கள். கடைக்குச் சரக்கு எப்படி வந்து சேருகிறது என்பதை மட்டும் விட்டுவிட்டீர்கள். மதுரை புதூரில் பெட்டிக்கடை வைத்திருக்கிறேன், அதனால் எழுதுகிறேன்.

2017-இல் ஜல்லிக்கட்டுப் போராட்டம் முடிந்த சூட்டோடு, மார்ச் 1 முதல் கோக், பெப்சி விற்பதில்லை என்று வணிகர் அமைப்புகள் அறிவித்தன. கல்லூரிப் பையன்களே வலிய வந்து பொவண்டோ, பன்னீர் சோடா கேட்டார்கள். அதைவிட நல்ல நேரம் உள்ளூர்க்காரர்களுக்கு வாய்க்காது. ஆனால் நான் எடுத்துக்கொண்டிருந்த ஒரு சின்ன கம்பெனியின் ஏஜென்சிக்கு (பெயர் எதற்கு?) கடை கடையாகச் சரக்கு இறக்க இருந்தது ஒரே லைன் வண்டி. பத்துப் பெட்டி கேட்டால் மூன்று இறங்கும், அதுவும் வாரம் ஒருமுறை. அடுத்த வெயிலுக்குள் பிரிட்ஜில் பழையபடி கோக், பெப்சி பாட்டில்களே திரும்பி வந்துவிட்டன.

இப்போது வண்டி ஒழுங்காக வருகிறது. மாதக் கடைசியில் ரொம்பவே ஒழுங்காக வருகிறது! டார்கெட் முடிக்க வேண்டுமே. 'ஸ்கீம் இருக்கு' என்று கேட்காத சுவையில் ஐந்து பெட்டியை இறக்கிவிட்டுப் போவார்கள். பிளாஸ்டிக் பாட்டிலில் கேஸ் மெல்ல வெளியேறிக்கொண்டே இருக்கும்; வெயில் பட்டால் சீக்கிரம் போகும், சின்ன பாட்டிலில் இன்னும் சீக்கிரம். வாசலில் அடுக்கிய 200 மில்லி பாட்டில் தேதி முடியும் முன்பே சர்க்கரைத் தண்ணீராகிவிடும். திட்டு வாங்குவது நான். திருப்பிக் கொடுத்தால், 'தேதி இருக்கே' என்பார்கள்.

அழகர் ஆற்றில் இறங்கும் நாள் காலண்டரிலேயே அச்சாகியிருக்கிறது. முந்தின நாள், அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவைக்கு எங்கள் தெருவில் சைக்கிள்கூட நுழையாது. அன்றைக்கு விற்பது சாதாரணமாகப் பத்து நாளில் விற்பது. இரண்டு நாள் முன்னதாகவே சரக்கு இறக்குங்கள் என்று வருஷா வருஷம் சொல்கிறேன். போன முறையும் வழக்கமான கிழமையில்தான் வண்டி கிளம்பி, மூன்றுமாவடியிலேயே திரும்பிப் போனது.

எந்தக் கடையில் எது, எப்போது ஓடும் என்பது கடைக்காரனுக்குத்தான் தெரியும். கம்பெனியும் ஏஜென்சியும் அதை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு லோடு ஏற்றினால் மூன்று பேருக்கும் காசு மிச்சம். இந்த முறை காலண்டரையே கழற்றி சேல்ஸ்மேனிடம் காட்டினேன். போனில் படம் பிடித்துக்கொண்டு, "ஆபீஸ்ல சொல்றேன் அண்ணாச்சி" என்றார்.

— ஒரு பெட்டிக்கடைக்காரர், புதூர், மதுரை