சட்ரஸ் கைப்பிடி யாரிடம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நீர் மேலாண்மைப் பயிற்சி முகாம் பற்றிச் சென்ற வாரம் ஒரு செய்தி போட்டிருந்தீர்கள். தண்ணீரைச் சிக்கனமாகக் கையாள விவசாயிகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது என்று அதில் ஓர் அதிகாரி வருத்தப்பட்டிருக்கிறார். ஐம்பது வருஷமாகக் கடைமடையில் சம்பா போடுகிறவன் நான். இவ்வளவு நாள் தெரியாமலேயே போட்டுவிட்டேன் போலிருக்கிறது, மன்னிக்கவும்.

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிக்கும் தெற்கே. ஜூன் 12இல் மேட்டூர் திறந்து மலர் தூவிய படம் தங்கள் முதல் பக்கத்தில் வரும். அந்தப் பேப்பர் பொட்டலம் கட்டப் போன பிறகுதான் எங்கள் வாய்க்காலில் நுரை தெரியும். சில வருஷம் அதுவும் இல்லை. வராத தண்ணீரை எப்படிச் சிக்கனம் செய்வது என்று அதிகாரி சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

அப்படி ஒரு முகாமுக்கு நானும் போயிருக்கிறேன். ஏசி மண்டபம், பை, பேனா, நோட்டு. திரையில் இஸ்ரேல் சொட்டுநீர்ப் பாசனம் ஓடியது. எங்கள் சட்ரஸை, அதாவது வாய்க்காலின் பலகை மதகை, ஏற்றி இறக்க ஆள் எப்போது போடுவீர்கள் என்று எழுந்து கேட்டேன். அது இன்றைய தலைப்பில் இல்லையாம். பை நல்ல பை, விதை உளுந்து போட்டு வைத்திருக்கிறோம்.

எங்கள் பகுதியில் மதகுகளைத் திறந்து மூடும் லஸ்கர் ஒருவர் இருந்தார். சைக்கிள், டார்ச், ஒரு டப்பா கிரீஸ், அவ்வளவுதான் சொத்து. பலகையின் இரண்டு பக்கத் திருகையும் சுற்று எண்ணி, சமமாகத்தான் ஏற்றுவார். "ஒரு பக்கம் நாலு மரை கூட ஏறினா பலகை சாஞ்சு பள்ளத்துல கடிச்சுக்கும், அப்புறம் யானை கட்டி இழுத்தாலும் வராது" என்பார். திருச்சி பக்கம் துவாக்குடியில் 1984 முதல் பாசன மேலாண்மைக்கென்றே ஒரு பயிற்சி நிலையம் இருக்கிறது. அவரை அங்கே அனுப்ப யாருக்கும் தோன்றவில்லை. ஓய்வு பெறுவதற்கு முன், ஒரு பருவம் கூட இருந்து கற்றுக்கொள்ள ஒரு பையனைக் கொடுங்கள் என்று மனு எழுதினார். எழுதிக் கொடுத்தவனே நான்தான். பையனும் வரவில்லை, அவர் போன பிறகு அந்த இடத்துக்கு ஆளும் வரவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்பு கார்த்திகையில் மழை விடாமல் கொட்டியபோது, தண்ணீரை வடியவிட சட்ரஸ் திருகைச் சுற்றும் கைப்பிடி பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒருவர் வீட்டில் இருந்தது. இரவு இரண்டு மணிக்குத் தற்காலிக வேலைக்காரப் பையன் ஒருவன் அதை எடுத்துக்கொண்டு நனைந்தபடி வந்தான். பாவம், ஒரு பக்கத்தை மட்டும் சுற்றினான். லஸ்கர் சொன்னபடியே கடித்துக்கொண்டது. நாற்பது நாள் பயிர் ஐந்து நாள் தண்ணீருக்குள் கிடந்தது. அந்தப் பையனை நான் திட்டவில்லை. அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

பெரிய இடத்துக் கதை தாங்கள் அறியாததல்ல. 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் ஒரே இரவில் 9 மதகுகள் போயின. 2022 செப்டம்பரில் பரம்பிக்குளத்திலும் 2024 ஆகஸ்டில் துங்கபத்ராவிலும் சங்கிலி அறுந்து மதகு போனது. அங்கேயும் விவசாயிக்குத்தான் பயிற்சி போதவில்லையா? 2021இல் அணைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அது உயரமான அணைகளுக்காம். எங்கள் சட்ரஸ் என் உயரம்கூட இல்லை, சட்டத்தின் கண்ணில் எப்படிப் படும்?

போகட்டும். கேட்பது ஒன்றுதான். சட்ரஸ் சுவரில் முன்பு எழுதியிருந்ததெல்லாம் உதிர்ந்துவிட்டது. கைப்பிடி யாரிடம் இருக்கிறது, அவர் போன் நம்பர் என்ன, இந்த இரண்டை மட்டும் அங்கே எழுதி வைக்கும்படி தங்கள் பத்திரிகையில் ஒரு வரி போட்டால் போதும். பெயிண்ட் நான் வாங்கித் தருகிறேன்.

இப்படிக்கு,
கடைமடை விவசாயி,
திருத்துறைப்பூண்டி வட்டம்.